இங்கே செல்லாத அட்டை

நியூ ஜெர்சிக்கும் எனக்கும் முதல் வாரத்திலேயே ஒத்துப்போகவில்லை. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி நானே குழாயைக் கையில் எடுத்தேன். ஓர் ஆள் ஓடி வந்து, அவன் வீட்டு அடுப்பங்கரைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் கத்தினான். இங்கே தன் வண்டிக்குத் தானே பெட்ரோல் போடக் கூடாதாம். சட்டமாம். அதைவிடக் கொடுமை சாலை. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலப்பக்கம் ஒதுங்கி, ஒரு வளைவைச் சுற்றி வந்து, சிக்னலில் காத்துக் கிடந்து, அப்புறம்தான் குறுக்கே போக வேண்டும். பெட்ரோல் குழாயைக்கூடக் கையில் தராத ஊர், துப்பாக்கி விஷயத்தில் என்ன சொல்லும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

என் பெயர் கொரின். சொந்த ஊர் டென்னசியில் கிரீன்வில் பக்கம். பல் மருத்துவமனைகளில் பல் சுத்தம் செய்து பிழைப்பவள். விவாகரத்து ஆனவள். எட்டு வயதில் ஓப்பல் என்று ஒரு பெண் இருக்கிறாள். அவளை அழைத்துக்கொண்டு அக்கா வெர்னா இருக்கும் ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

வந்ததற்குக் காரணம் ஹாலிஸ், ஓப்பலின் அப்பா. விவாகரத்துக்குப் பிறகு ஒரு நாள் பின்கதவை உதைத்துத் திறந்துகொண்டு என் சமையலறைக்குள் வந்து நின்றான். நீதிபதி அவனைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார், அவ்வளவுதான். கண்டிப்பு கதவைக் காக்காது என்று எனக்குத் தெரியும். வகுப்புக்குப் போனேன், சுடக் கற்றுக்கொண்டேன், தேர்வு எழுதினேன். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல டென்னசி அரசாங்கம் எனக்கு ஓர் அட்டை கொடுத்தது. அதிலிருந்து நான் வாங்கிய துப்பாக்கி என் பச்சைத் தோள்பையிலேயே இருந்தது.

வகுப்பு எடுத்தவர் ஒன்றை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். போலீஸ் உன் வண்டியை மறித்தால் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வை. ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டால், இந்த அட்டையை அதன் மேலே வைத்து இரண்டையும் சேர்த்து நீட்டு. போலீஸ்காரரைத் திடுக்கிட வைக்காதே, அதுதான் மரியாதை. எங்கள் ஊரில் அப்படி நீட்டினால் "தேங்க் யூ மேடம்" என்று தொப்பியைத் தொடுவார்கள். நான் அந்த இரண்டு அட்டைகளையும் பர்ஸில் ஒரே அறையில் ஒட்டினாற்போல் வைத்திருந்தேன். ஓட்டுநர் உரிமம் எந்த மாநிலத்திலும் செல்லும் இல்லையா? இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்காவின் கணவர் கார்மைன் இத்தாலிய வம்சம். ஞாயிறு என்றால் தக்காளிக் குழம்பு காலையிலிருந்தே கொதிக்கும், இறைச்சி உருண்டை உண்டு, மக்ரோனி மலைபோல் வரும். நான் பையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. கார்மைன் அத்தான் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்மா மச்சினி, பையில என்ன, செங்கல்லா? வீடு கட்டப் போறியா?"

"செங்கல் இல்ல அத்தான். என் துணை."

"துணையா?"

"துப்பாக்கி. ஹாலிஸுக்காக வாங்கினேனே, அதுதான்."

அவர் கையில் இருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. அவரும் துப்பாக்கி அறியாதவர் இல்லை. வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போகிறவர். அக்காவைப் பார்த்தார். பிறகு ஓப்பலைப் பார்த்தார். குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"வெர்னா, பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் ஐஸ்கிரீம் குடு. கொரின், நீ என்கூட கராஜுக்கு வா. பையை எடுத்துக்கோ."

கராஜ் கதவைச் சாத்தியதும்தான் மனிதருக்கு மூச்சே வந்தது.

"இதை எத்தனை நாளா தூக்கிட்டுத் திரியுற?"

"வந்ததுலேர்ந்து. எல்லாம் சட்டப்படிதான் அத்தான். அட்டை இருக்கு, பாருங்க."

"அந்த அட்டையை வெச்சு இங்க பல்லு குத்தலாம். வேற எதுக்கும் ஆகாது. இங்க அது செல்லாதும்மா! இந்த மாநிலம் குடுத்த அனுமதி இல்லாம பையில வெச்சிருந்தா ஜெயிலு. அபராதம் கட்டிட்டு வீட்டுக்கு வர்ற கதை இல்ல. குறைஞ்சது மூணரை வருஷம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சும்மா பயமுறுத்தாதீங்க. நான் என்ன திருடியா?"

"திருடன்னா வக்கீல் வெச்சுத் தப்பிச்சிடுவான். உன்ன மாதிரி ஆளுங்கதான் அவங்களே அட்டையை நீட்டி மாட்டிக்கிறாங்க. எங்க எங்க போன இதோட?"

எங்கெங்கே போகவில்லை! மளிகைக் கடை, தேவாலயம், புது வேலைக்கான நேர்முகம். தினமும் மத்தியானம் ஓப்பலின் பள்ளிக்கூட வாசலில், மற்ற அம்மாக்களின் வண்டி வரிசையில், இந்தப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேனே. பள்ளிக்கூடம் என்றதும் அத்தான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

துப்பாக்கியை வாங்கி, பக்குவமாகத் தோட்டாவை இறக்கினார். தோட்டா அடுக்கும் மேகசினைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு முனகினார்.

"பதினஞ்சு கொள்ளுது. இங்க பத்துக்கு மேல கூடாது. வீட்டுக்குள்ளகூடக் கூடாது."

ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்தார்.

"குழி விழுந்த முனை! உடம்புக்குள்ள போய் விரியுற தினுசு. இதையும் வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. ஏம்மா, ஒரு தப்பு விடாம ஒண்ணா சேகரிச்சு வெச்சிருக்கியே!"

இன்னொரு நாளாக இருந்தால் நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அத்தான் மேகசினை இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, சுத்தியலால் நான்கு போடு போட்டு நசுக்கினார். தோட்டாவை அவர் வைத்துக்கொள்ளலாம், வேட்டைக்காரர் சீட்டு இருக்கிறது. கைத்துப்பாக்கியைத்தான் வைத்துக்கொள்ள முடியாது. கை மாறினால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். அது அவரிடம் இல்லை.

"அப்ப இதை என்னதான் பண்ணட்டும்? ஆத்துல போடவா?"

"உன் வீட்டுக்குள்ள நீ வெச்சுக்கலாம், அது தப்பில்ல. வீடு போய்ச் சேர்ற வரைக்கும்தான் கண்டம். காலியா, பூட்டின பெட்டியில, டிக்கியில. அப்பக்கூட எங்க வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போறது சுத்தமா சரியான்னு கேட்டா எனக்குத் தெரியாது. நாளைக்கு வக்கீலைப் பார்ப்போம். இன்னிக்கு நேரா வீட்டுக்குப் போ. காபி வாங்கக்கூட நிக்காத. அந்த அட்டையைப் பர்ஸ்லேர்ந்து எடுத்துடு. பழக்கதோஷத்துல நீட்டித் தொலைச்சிடாத."

தூண்டில் சாமான் போடும் பெட்டியைக் காலி செய்து, துப்பாக்கியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் தந்தார். நான் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

டென்னசி நீதிமன்றம் என்னை ஊர் மாற விட்டது ஒரு நிபந்தனையோடு. ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு ஹாலிஸ் போன் செய்வான், ஓப்பல் பேச வேண்டும். வசந்தத்தில் வழக்கு மறுபடி வரும். குழந்தை யாரிடம் வளர்வது என்று அப்போதுதான் முடிவு. அதற்காக அவன் ஒவ்வொரு பேச்சையும் பதிவு செய்கிறான், அதை மறைக்கவும் இல்லை. போன வாரம் போனை வைக்கும் முன் ஓப்பலிடம் கேட்டான்: "அம்மா இன்னும் அந்தப் பச்சைப் பையை மாட்டிக்கிட்டுத்தான் அலையுறாளா? உள்ள அது இருக்கா?" ஓப்பல், "பார்த்துச் சொல்றேம்பா" என்றாள். அவன் சிரித்தான். "பார்த்துட்டு அடுத்த வாரம் சொல்லு கண்ணு, மறக்காத." என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். அவன் சட்டத்தைப் படித்துவிட்டல்லவா கேட்டிருக்கிறான்!

அத்தானிடம் சொன்னேன். அவர் முகம் இருண்டது.

"பாப்பா ஆமான்னு சொன்னா அது பதிவாயிடும். அவன் அடுத்த போன் இங்க இருக்கிற போலீசுக்குத்தான்."

"அப்ப நான் ஜெயில்ல, ஓப்பல் அவன்கிட்ட."

"பாப்பாகிட்ட சொல்லிவை, இல்லைன்னு சொல்லச் சொல்லி."

"முடியாது அத்தான். கோர்ட்டு வெச்ச ஆலோசகர் மாசாமாசம் அவகிட்ட தனியா பேசுறாங்க. முதல் கேள்வியே, 'இதைச் சொல்லு, அதைச் சொல்லாதன்னு உங்க அம்மா சொல்லிக் குடுத்தாங்களா'ங்கிறதுதான். அவ பொய் சொல்ல மாட்டா. நான்தான் அப்படி வளர்த்து வெச்சிருக்கேன்."

என் அப்பா போலீஸ்காரர். எங்கள் வீட்டில் பிரம்பு எடுத்தது பொய்க்கு மட்டும்தான். ஓப்பல் கடையில் ஒரு மிட்டாயைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டால்கூட, திரும்ப நடத்திப் போய்க் கொடுக்க வைத்தவள் நான். அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொன்னவளும் நான்தான்.

பெட்டியை அத்தான் டிக்கியில் வைத்தார். அக்கா வாசலில் நின்று ஒரு டப்பா இறைச்சி உருண்டையை என் கையில் திணித்தாள். ஓப்பல் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

பெரிய சாலைக்கு வந்தேன். வேகம் ஏற்றவில்லை, பாட்டுப் போடவில்லை. பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் போலீஸ் வண்டியாகவே தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும் சிக்னல் வந்தது. மனம் முழுக்க ஆறு மணியில் கிடந்தது. பிறந்ததிலிருந்து பழகின கை அதன் வேலையைச் செய்தது. இடப்பக்க விளக்கைப் போட்டேன், இடப்பக்கமே திரும்பினேன். வலப்பக்கம் ஒதுங்கிச் சுற்ற வேண்டிய இடம் அது என்பது, பின்கண்ணாடியில் சிவப்பும் நீலமும் சுழன்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

ஓரமாக நிறுத்தினேன். இரண்டு கையும் தானாக ஸ்டியரிங் மேல் போயின. ஓப்பல் பின்னாலிருந்து, "அம்மா, போலீஸ்" என்றாள், எனக்குத் தெரியாததுபோல.

வந்தது ஒரு இளம்பெண். சடையை இறுக்கிக் கட்டியிருந்தாள். நல்ல முகம்.

"வணக்கம் மேடம். எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுதா?"

"திரும்பக் கூடாத இடத்துல திரும்பிட்டேன். ஊருக்குப் புதுசு."

"நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். டென்னசி. லைசென்ஸ் குடுங்க."

பர்ஸைத் திறந்தேன். அத்தான் எடுக்கச் சொன்ன அட்டை உள்ளேயே இருந்தது. ஆறு மணிப் பயத்தில் அதை மறந்தே போயிருந்தேன். என் விரல்கள் அந்த அறைக்குள் போய், எத்தனையோ தடவை செய்ததுபோல இரண்டையும் சேர்த்து உருவின. பாதி வெளியே வந்துவிட்டது. அவள் கை ஜன்னலுக்குள் நீண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தால் துப்பாக்கி அட்டையை உள்ளே தள்ளினேன். அது போகாமல் உரிமத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வியர்வை. இன்னொரு தடவை தள்ளினேன். போனது. உரிமம் மட்டும் கையில் நின்றது. நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னால் குனிந்து ஓப்பலைப் பார்த்துக் கையசைத்தாள்.

"தெக்கத்திக்காரங்க நல்லவங்க மேடம், ஆனா ஒரு விஷயத்துல தெரியாம மாட்டிக்கிறாங்க. அதான் எல்லார்கிட்டயும் கேக்குறது. வண்டியில துப்பாக்கி ஏதாவது இருக்கா?"

அவள் கேட்ட விதத்தில் ஒரு கனிவு இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. 'இருக்கும்மா, டிக்கியில பூட்டி வெச்சிருக்கேன், இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, எனக்கு வழி சொல்லு' என்று கொட்டிவிடலாமா? வாய்வரை வந்தது. இந்தக் கேள்விக்கு என் ஆயுசில் உண்மையைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை. அவள் நல்லவளாகவே இருக்கட்டும். அவள் நல்லவள் என்பதற்காகச் சட்டம் மாறுமா?

சிரித்தேன்.

"துப்பாக்கியா? இல்ல மேடம். இறைச்சி உருண்டைதான் இருக்கு. எங்க அக்கா வீட்டுது."

அவளும் சிரித்துவிட்டாள். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வலப்பக்கம் ஒதுங்கித் திரும்புவது எப்படி என்று கையால் காற்றில் வளைவு போட்டுக் காட்டினாள். இந்த முறை எச்சரிக்கை மட்டும் என்றாள். "பாத்துப் போங்க மேடம். பாப்பா, பை!"

அவள் வண்டி மறையும்வரை என்னால் சாவியைத் திருப்ப முடியவில்லை. அப்புறம் கிளப்பினேன். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"அம்மா. பெரியப்பா பெட்டியை டிக்கியில வெச்சதை நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

"சரிம்மா."

"அதுக்குள்ளதான அது இருக்கு?"

"ஆமா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் பொய் சொன்னேன் என்று விளக்க ஆரம்பித்தால், அது அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதில் போய் முடியும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டுக்குள் வந்து பெட்டியை என் அறை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். சட்டப்படி இப்போது நான் பத்திரம். டென்னசி அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கினேன். அதற்குள் போன் அடித்தது.

ஓப்பல் சாப்பாட்டு மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அதுவும் நீதிமன்றத்தின் நிபந்தனைதான். நான் எழுந்து போகக் கூடாது, நடுவில் பேசவும் கூடாது.

"என் ராஜாத்தி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கேம்பா. பெரியப்பா வீட்டுல மக்ரோனி சாப்பிட்டேன்."

பள்ளிக்கூடம், புதுத் தோழி, ஆடும் பல் என்று அவன் சுற்றிச் சுற்றி வந்தான். தேன் சொட்டும் குரல். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். கதவை உதைப்பதற்கு முன்பு அதே குரலில்தான் கூப்பிட்டான்.

"ஆமா கண்ணு, போன வாரம் அப்பா ஒண்ணு கேட்டேனே. பார்த்துச் சொல்றேன்னியே?"

ஓப்பல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

'இல்லை' என்று தலையை லேசாக ஆட்டினால் போதும், பிழைத்துக்கொள்வேன். ஆனால் அந்தத் தலையாட்டலை ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து ஓப்பல் அப்படியே ஒப்பிப்பாள். திரும்பிக்கொண்டேன். அழுக்கே இல்லாத ஒரு தட்டைத் தொட்டியில் போட்டுக் கழுவினேன். முதுகு முழுவதும் காதாகிவிட்டது.

"எதுப்பா?"

"அம்மாவோட பச்சைப் பை. உள்ள என்ன இருக்கு?"

"அந்தப் பையா? அது பிஞ்சு போச்சுப்பா. அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க."

"உள்ள இருந்தது?"

"சீப்பும் லிப்ஸ்டிக்கும்தான் இருந்துச்சு."

"நான் எதைக் கேக்குறேன்னு உனக்குத் தெரியும். துப்பாக்கி."

"அதுவா? அது இங்க வர்றப்பவே இல்லப்பா. ஊருலயே வித்தாச்சு. அந்தக் காசுலதான் எனக்குச் சைக்கிள் வாங்கினாங்க."

சைக்கிளே கிடையாது. நான் தண்ணீரை மூட மறந்து நின்றேன்.

அவன் குரலில் தேன் வற்றியிருந்தது. "சத்தியமா?"

"சத்தியமா. நீ வாயேன், சைக்கிள் ஓட்டிக் காட்டுறேன்."

அவன் ஏதோ சொல்லிவிட்டு வைத்தான். போன் அணைந்தது. நான் ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். தப்பித்தோம். அவள் என்னிடமே இருப்பாள். கண்ணீர் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்போல் கேட்டாள்.

"சரியாச் சொன்னேனாம்மா? நீ சொல்லித் தரவே இல்ல. நானேதான் சொன்னேன்."

"ஆமா கண்ணு."

"உன்ன மாதிரியே சிரிச்சுக்கிட்டே சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னா நம்பிடறாங்கம்மா."

அவளை விலக்கிப் பிடித்து முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெயிலுக்குப் பயந்தபோதும், போலீஸ் விளக்கு சுழன்றபோதும், ஹாலிஸின் குரலைக் கேட்டபோதும் வராத பயம் அப்போது வந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"பசிக்கலம்மா" என்றாள், அதே சிரிப்போடு. பசிக்கவில்லையா, பொய்யா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.